மூன்றாவது குழாய்

டிப்போவில் இருந்து வந்த கடிதம் நான்கே வரி. பாதையைப் பார்வையிட்டோம், வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் மதகு இடிந்திருக்கிறது, ஊருக்குள் பஸ் திரும்ப இடமில்லை, இவை சரிசெய்யப்படும்வரை சேவை நடத்த இயலாது. அந்தக் கடிதத்தின் பிரதியை கிராம அலுவலர் எங்கள் அரச கந்தோருக்கு அனுப்பியிருந்தார்.

பாப்பாமோட்டையைத் தாண்டி வெள்ளாங்குளத்துக்குப் போகிற பெரிய வீதியில் இருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கிற ஊர் அது. பஸ் பெரிய வீதியோடு போய்விடும். கிளினிக்குக்குப் போகிற கர்ப்பிணித் தாய்மாரும், மேல் வகுப்புப் பிள்ளைகளும், கூலி வேலைக்குப் போகிறவர்களும் அந்த இரண்டு மைலையும் நடந்தே கடந்தார்கள். மாரியில் வாய்க்கால் பெருகினால் அதுவும் இல்லை. வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அரச காசில் நடக்கிற வீதி, மதகு, கட்டட வேலைகளை முன்கூட்டி அளந்து மதிப்பீடு எழுதுவேன். வேலை நடக்கும்போது மேற்பார்வை செய்வேன். முடிந்ததும் மறுபடி அளந்து பில்லில் கையெழுத்து வைப்பேன். இருபது வருடங்களுக்கு மேலாக இதுதான் என் சீவியம். வீடு பள்ளிமுனையில். காலையில் ஸ்கூட்டரில் பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வந்தால் பின்னேரம்தான் திரும்புவேன்.

டீசல் வரிசைகள் ஒருவாறு முடிந்து, ஆனால் சீமெந்தின் விலை வாராவாரம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. நான் அந்த ஊருக்குப் போய் நாடா பிடித்து அளந்தேன். மூன்று வேலைகள். வாய்க்காலுக்குக் குறுக்கே கொங்கிறீற் குழாய் வைத்த புது மதகு. அதற்கு இரண்டு பக்கமும் கிரவல் மண் போட்டு உயர்த்திய பாதை. ஊர் முடிவில் பஸ் திரும்புவதற்கு ஒரு வட்டமும், ஆட்கள் நிற்க ஒரு தரிப்பிடமும். கந்தோருக்கு வந்து இரண்டு நாளில் மதிப்பீட்டை எழுதி முடித்தேன். அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன். கை தானாக ஓடும்.

விலைமனு கோரினோம். ஒரேயொருவர்தான் போட்டார். என் மதிப்பீட்டின் இருமடங்குக்குச் சற்றுக் குறைவான தொகை. அதை ஏற்க முடியாது என்று மறுபடி கோரினோம். இரண்டாம் முறை ஒருவருமே போடவில்லை.

முதல் தடவை போட்ட கொந்தராத்துக்காரரை எனக்கு நெடுநாளாகத் தெரியும். வேலையில் களவு செய்யாதவர். கந்தோர் வாசலில் ஒருநாள் கண்டபோது ஏன் அவ்வளவு தொகை போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"மிஸ், உங்கட கணக்கில கல்லு இருக்கு, சீமெந்து இருக்கு, கூலி இருக்கு. என்ர கணக்கில வேற சாமானும் இருக்கு," என்றார். "பில் எப்ப வரும்? போன முறை எட்டு மாசம். அதுவரைக்கும் நான் கடன் வாங்கித்தான் வேலை செய்யவேணும். அந்த வட்டியை ஆர் தாறது? மிசினை இவ்வளவு தூரம் ஏத்தி இறக்கவேணும். பெரிய பாலத்துக்கும் அதே ஏத்துக்கூலி, உங்கட சின்ன மதகுக்கும் அதே ஏத்துக்கூலி. இண்டைக்கு விலை போட்டு நாளைக்குச் சீமெந்து ஏறினா அந்த நட்டமும் என்ர தலையில. இதெல்லாத்தையும் உங்கட தாளில எழுத இடமில்லை. அதால விலைக்குள்ள எழுதினனான்."

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. பொது வேலை ஒன்றின் விலை ஏன் ஏறுகிறது என்று எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் இருந்திருக்கிறேன். கந்தோர் வாசலில் நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் இவ்வளவு தெளிவாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் மார்கழிக்குள் செலவழிக்காத காசு கொழும்புக்குத் திரும்பிவிடும். ஆனி மாதம் பிறந்துவிட்டது. எங்கள் பொறியியலாளர் என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர், யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகி வந்திருந்தவர், அதிகம் பேசமாட்டார்.

"அங்க ஒரு மாதர் சங்கம் இருக்கெல்லோ. அவையளுக்குக் குடுத்தால் என்ன?" என்றார்.

குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட வேலைகளை விலைமனு இல்லாமல் ஊர்ச் சங்கத்துக்கே கொடுக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. சங்கம் தன் ஆட்களைக் கொண்டே வேலை செய்யும். ஒரு பகுதிக் காசு முற்பணமாகக் கிடைக்கும், மிச்சம் முடிந்த வேலையை அளந்தபிறகு. இலாபம் என்று ஒன்று கிடையாது. வடிகால் துப்புரவு, வேலி, சின்னக் கிணறு என்றெல்லாம் கொடுத்திருக்கிறோம். பஸ் போகிற மதகைக் கொடுத்ததில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு விருப்பமில்லை. அவர்களால் முடியாது என்று நினைத்தேன். அதைவிட, எல்லாவற்றையும் நானே நின்று சொல்லிக்கொடுக்க வேண்டிவருமே என்ற சோம்பலும் இருந்தது. ஆனால் வேறு வழியில்லை என்பதால் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூட்டத்துக்குப் போனேன்.

ஊரின் பொதுநோக்கு மண்டபத்தில் நாற்பது பேரளவில் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பாதிப் பேர் மலைநாட்டில் இருந்து கலவரங்களுக்குத் தப்பி வந்து குடியேறிய குடும்பங்கள். மிச்சம் அயலில் வயல் செய்கிற குடும்பங்கள். சங்கத் தலைவிக்கு என் வயதுதான் இருக்கும். தாய் தகப்பன் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். இவர் வன்னியில் பிறந்து, மற்றவர்களின் தோட்டங்களில் நாட்கூலிக்கு வெங்காயமும் மிளகாயும் பிடுங்கி வளர்ந்தவர். பேச்சில் இரண்டு ஊரும் கலந்திருந்தன. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்று பிறகுதான் அறிந்தேன்.

நான் மொத்தத் தொகையைச் சொல்லி, மூன்று பேர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும் என்றேன். ஐந்து நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும் என்று ஸ்கூட்டர் திறப்பைக் கையிலேயே வைத்திருந்தேன்.

தலைவி கடதாசிகளைப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன.

"மிஸ், இத எங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க," என்றார்.

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்தான். கையெழுத்து நாங்கதான வைக்கிறோம்."

என் தொழிற்காலத்தில் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மதிப்பீட்டை நான் எழுதுவேன், பொறியியலாளர் பார்ப்பார், கணக்காளர் கூட்டிப் பார்ப்பார், கொந்தராத்துக்காரர் கடைசித் தொகையைப் பார்ப்பார். அந்த மதகில் நடக்கப்போகிறவர்கள் அதை வாசிக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியதில்லை. எனக்குக் கதிரை தந்தார்கள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

முதலாம் வரி, இடத்தைத் துப்புரவாக்குதல். அதற்கு இவ்வளவு. சரி என்றார்கள். இரண்டாவது, அத்திவாரம் தோண்டுதல். எத்தனை அடி ஆழம், மண் எங்கே கொட்டுவது என்று கேட்டார்கள். சொன்னேன். மூன்றாவது, குழியில் ஊறும் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்தல், இருபது நாள்.

"எந்தத் தண்ணி மிஸ்?" தலைவி கேட்டார்.

"வாய்க்கால் தண்ணி. ஊறி வாற தண்ணி."

"வேல எப்ப தொடங்கும்?"

"ஆடி, ஆவணி."

அவர் சிரிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "ஆவணி மாசம் அந்த வாய்க்கால்ல ஆட்டுக்குட்டி குடிக்கவும் தண்ணி இராதுங்க. என்னத்த எறைக்கப் போறோம்?"

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கடலை ஒட்டிய களப்போரத்தில் கட்டிய ஒரு மதகுக்கு முன்னர் எழுதிய மதிப்பீட்டில் இருந்து அப்படியே எடுத்துப் போட்டது. அங்கே தோண்டத் தோண்டத் தண்ணீர் வரும். இங்கே நான் அளக்கப் போனபோது வாய்க்காலின் அடி வெடித்துக் கிடந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். பார்த்தும் எழுதியிருக்கிறேன். டீசல் விற்ற விலையில் இருபது நாள் இறைப்பு என்பது சின்னத் தொகை அல்ல.

"அது என்ர பிழை," என்றேன். தலைவி, "அடுத்தத வாசிங்க," என்றார்.

நான்காவது, அடிக் கொங்கிறீற். ஐந்தாவது, மூன்றடி விட்டமுள்ள குழாய், இரண்டு வரிசை. அப்போது பின்னால் இருந்த ஒரு கமக்காரர் எழும்பினார். வாய்க்காலுக்கு அப்பால் வயல் வைத்திருப்பவர்.

"பிள்ளை, இரண்டு காணாது. மேல குளம் நிரம்பி வான் பாஞ்சால் தண்ணி இந்த மட்டுக்கு வரும்," என்று தன் இடுப்பைக் காட்டினார். "குளக்கட்டை உயர்த்தினாப் பிறகு இப்பிடித்தான். முந்தி ஒரு கிழமையா வடியிற தண்ணி இப்ப ஒரு பகலில வருது. பழைய மதகு ஏன் இடிஞ்சது எண்டு நினைக்கிறீங்கள்?"

பழைய மதகு பழசாகிப்போய் இடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மழை அட்டவணையைப் பார்த்து இரண்டு குழாய் என்று கணக்கிட்டிருந்தேன். குளக்கட்டை உயர்த்தியது வேறொரு திணைக்களத்தின் வேலை. அது என் கடதாசியில் இல்லை.

வாசித்து முடிக்கப் பின்னேரம் முழுவதும் பிடித்தது. கடைசியில் எதிர்பாராத செலவு என்று ஒரு வரி இருந்தது. "எதிர்பாக்காததை எப்பிடி முன்னுக்கே எழுதினீங்கள்?" என்று ஒரு பெண் கேட்க மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். பெயர்ப்பலகைக்கு ஒரு தொகை இருந்தது. அதில் ஆருடைய பெயர் வரும் என்று கேட்டார்கள். வழக்கமாகத் திறந்துவைப்பவரின் பெயர் என்றேன். தலைவி கொஞ்சம் யோசித்துவிட்டு, "எவ்வளவு செலவு, எத்தன கொழா, எந்த வருசம். அத மட்டும் எழுதினா காணும்," என்றார்.

கையெழுத்து அன்று வைக்கவில்லை. இறைப்பு வரியை எடுத்துவிட்டு அந்தக் காசுக்கு மூன்றாவது குழாய் வரிசை போட முடியுமா என்று கேட்டு வரும்படி சொல்லி அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை பொறியியலாளரின் மேசைக்கு முன்னால் நின்றேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். நிலைமை மாறிவிட்டது என்று எழுதலாம். புதிதாக அளந்தேன் என்று எழுதலாம். கடைசியில் நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

அவர் கோப்பைப் பார்த்தபடி, "இந்த இறைப்பு எப்பிடி வந்தது?" என்று கேட்டார்.

"பழைய எஸ்ரிமேற்றில இருந்து கொப்பி பண்ணினது, சேர்."

"ம்." கடைசிப் பக்கத்தைப் புரட்டித் தன் கையெழுத்தைப் பார்த்தார். "நானும்தானே பார்த்துக் கையெழுத்து வைச்சனான். சரி. திருத்தி எழுதித் தாங்கோ. நாளைக்கு நான் போய்ப் பாக்கிறன்."

மறுநாள் போனார். கமக்காரரைக் கூட்டிக்கொண்டு குளக்கட்டு முழுவதும் நடந்து, வான் பாயும் இடத்தில் இறங்கி அளந்துகொண்டு வந்தார். மூன்று குழாய் என்று தன் கைப்பட எழுதி அனுமதித்தார். மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டி வந்தபோதும் என் பெயரை அதில் போடவில்லை. அந்தக் கடிதத்தை நான் பிறகுதான் கோப்பில் கண்டேன்.

ஆடி நடுவில் வேலை தொடங்கியது. சோளகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கும். இருபத்திரண்டு பெண்களும் எட்டு ஆண்களும் முறைபோட்டு வந்தார்கள். கொத்து வேலை தெரிந்த இருவர் ஊரிலேயே இருந்தார்கள். அத்திவாரத்தைப் பெண்கள்தான் தோண்டினார்கள். நான் நூல் கட்டிக் கொடுத்த கோட்டில் இருந்து ஒரு அங்குலம் விலகவில்லை. தோட்டத்தில் வரம்பு பிடித்துப் பழகிய கைகள்.

தலைவி ஒரு கொப்பியோடு நிற்பார். வருகிற ஒவ்வொரு லோட்டையும் தானே பார்ப்பார். ஒருநாள் நான் போனபோது மணல் ஏற்றி வந்த டிப்பர் ஒன்று கொட்டாமல் நின்றது. சாரதி பாதையில் குந்தியிருந்தார். மணலைக் கொண்டுவந்த முதலாளி தலைவியோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

"என்ன பிரச்சினை?" என்று கேட்டேன்.

"உப்பு," என்றார் தலைவி. "கடக்கரப் பக்கத்து மணல் மிஸ். ஆத்து மணல் இல்ல."

"அதை எப்பிடிச் சொல்லுறீங்கள்?"

"வாயில போட்டுப் பாத்தேன்."

நானும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். உண்மைதான். உப்பு மணலில் கொங்கிறீற் போட்டால் உள்ளே இருக்கிற கம்பி சில வருடத்தில் துருப்பிடித்து வெடிக்கும். கூட்டத்தில் மதிப்பீடு வாசித்தபோது "சுத்தமான ஆற்று மணல்" என்ற வரிக்கு ஏன் சுத்தம் என்று யாரோ கேட்க, நான் இரண்டு வசனத்தில் விளக்கம் சொல்லியிருந்தேன். சொன்ன நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

"கழுவித் தாறன் எண்டு சொல்லுறன், அக்கா கேக்கிறா இல்லை," என்றார் முதலாளி.

"கழுவத் தண்ணிக்கு எங்க போவீங்க? குடிக்கிற தண்ணியே எங்களுக்கு பவுசர் வண்டியிலதான் வருது," என்றார் தலைவி. டிப்பர் திரும்பிப் போனது. அந்த முதலாளி நான்கு நாள் கழித்து நல்ல மணல் கொண்டுவந்தார். தலைவி அதையும் வாயில் போட்டுப் பார்த்துவிட்டே கொட்டவிட்டார்.

கொங்கிறீற் போடும் நாளுக்குக் கலவை இயந்திரம் தேவைப்பட்டது. விலைமனு போட்டுக் கிடைக்காமல் போன அதே கொந்தராத்துக்காரரிடம் தலைவி நேரே போய்க் கேட்டிருக்கிறார். அவர் டீசலுக்கும் ஏற்றுக்கூலிக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டு இயந்திரத்தோடு தானும் வந்து நின்றார். காலையில் இருந்து மத்தியானம் கழியும்வரை நிற்காமல் ஓடிய வேலை. சட்டி சட்டியாகக் கைமாறிக் கலவை போனது. அவர் குழாய்களை எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மூண்டு போட்டிருக்கிறியள். நான் கட்டியிருந்தால் இரண்டுதான் வைச்சிருப்பன் மிஸ்."

"இரண்டு காணாது எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தாலுமோ?"

"தெரிஞ்சிருந்தாலும்தான். பேப்பரில இரண்டெண்டால் இரண்டு. கூட வைச்சால் ஆர் எனக்குக் காசு தாறது? சொல்லப் போனாலும் ஆர் கேக்கிறது?"

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் தொழில் நடக்கிற விதத்தைச் சொன்னார். எழுதியவள் நான் என்பதால் எனக்கு அது குத்தியது.

கொங்கிறீற் போட்டால் குறைந்தது ஏழு நாள் காயவிடாமல் நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் வேலைகளில் பெரும்பாலும் ஏமாற்றப்படுகிற இடம் இதுதான். முதல் நாள் நனைப்பார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். ஏழு நாள் என்று பில்லில் இருக்கும். நான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, சொல்லாமல் கொள்ளாமல் போனேன். பிழை பிடிக்கத்தான் போனேன். வெயில் ஏறிவிட்டது, ஒருவரும் இல்லை. மதகின் முகச்சுவர் முழுவதும் சாக்குப் போர்த்தியிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். சொட்டச் சொட்ட ஈரம். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு வாளி தண்ணீரோடு வந்தார்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்திருந்தார்கள். குளித்த தண்ணீரையும் அரிசி கழுவிய தண்ணீரையும்கூடவா ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன்.

"இல்லை மிஸ், பவுசரில வாற தண்ணிதான். சவர்க்காரத் தண்ணி ஊத்தக் கூடாதெண்டு தலைவி சொன்னவா," என்றாள் ஒருத்தி.

நான் மதகின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். என்ன நினைத்து வந்தேன் என்பதை எண்ண வெட்கமாக இருந்தது.

புரட்டாதி முடிவில் வேலையும் முடிந்தது. ஆனால் மிச்சக் காசு வரவில்லை. முற்பணம் பொருட்களுக்கே சரியாகப் போயிருந்தது. சங்கத்தில் பாதிப் பேர் கூலியைக் கடைசியில் வாங்கிக்கொள்கிறோம் என்று ஒத்துக்கொண்டதால்தான் வேலை நிற்காமல் ஓடியது. அவர்கள் எல்லாரும் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். இரண்டு மாதக் கூலியை அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுத்துவிட்டு இருந்தார்கள். கொந்தராத்துக்காரர் வட்டி போட்டு விலைக்குள் எழுதிய அதே கடன்தான். இவர்கள் எழுதத் தெரியாமல் விட்டதை, தெரிந்த நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அளந்த அன்றே பில்லை எழுதினேன். மறுநாள் காலை கணக்குக் கிளையின் வாசலில் இருந்த வாங்குப் பலகையில் போய் இருந்தேன்.

"வைச்சிட்டுப் போங்கோ மிஸ், பாத்து அனுப்புறம்," என்றார் எழுதுவினைஞர்.

"பரவாயில்லை. நான் இருக்கிறன்."

அன்று முழுவதும் இருந்தேன். மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் கணக்காளர் தானே வெளியே வந்து என்னைப் பார்த்தார். "உங்களுக்கு வேற வேலை இல்லையோ?" என்றார். "இப்ப இதுதான் வேலை," என்றேன். அவர் உள்ளே போய்க் கோப்பைக் கேட்டு வாங்கினார். அடுத்த கிழமை காசோலை வந்தது. அந்த வேலையில் நான் செய்த ஒரேயொரு நல்ல காரியம் என்று அதைத்தான் சொல்வேன். அதையும் அவர்களைப் பார்த்துத்தான் செய்தேன்.

செலவு முழுவதையும் கூட்டிப் பார்த்தபோது, மூன்றாவது குழாயோடு சேர்த்தும் என் மதிப்பீட்டுக்குள் அடங்கியிருந்தது. எதிர்பாராத செலவு என்று நான் எழுதிய வரியில் அவர்கள் கை வைக்கவே இல்லை.

கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலை தொலைபேசி அடித்தது. தலைவி.

"மிஸ், குளம் வான் பாயுது."

"மதகு?"

"மூணு கொழாலயும் நெறைய ஓடுது. ரோட்டுக்கு மேல ஏறல்ல. ஒரு சாண் கீழ நிக்குது." பிறகு, "நீங்க பயந்துகிட்டு இருப்பீங்கன்னுதான் எடுத்தேன்," என்றார்.

நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். இரண்டு குழாய் என்றால் அந்தப் பாதை அன்றைக்கு இருந்திருக்காது.

மழை விட்டதும் டிப்போவில் இருந்து பரிசோதகர் ஒருவர் ஒரு பஸ்ஸையும் சாரதியையும் கூட்டிக்கொண்டு ஒத்திகைக்கு வந்தார். மதகை ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸை இரண்டு தரம் முன்னும் பின்னும் அதன்மேல் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். திரும்பும் வட்டத்தில்தான் சிக்கல் வந்தது. அவர்கள் கொண்டுவந்தது நான் கணக்கெடுத்ததைவிட நீளமான பஸ். ஒரே சுற்றில் திரும்பவில்லை. பின்னுக்கு எடுத்து மறுபடி ஸ்ரியரிங்கை ஒடிக்க வேண்டியிருந்தது.

"பின்னுக்கு எடுக்கிற இடத்தில பிள்ளையள் நிக்கும். ஒரே சுத்தில திரும்பவேணும். இல்லாட்டி நான் எழுதித் தரமாட்டன்," என்றார் பரிசோதகர். அவர் சொன்னது நியாயம்.

வட்டத்துக்கு அடுத்தது, குழாய் காணாது என்று முன்பு சொன்ன கமக்காரரின் காணி. தலைவி அவரைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. அவர் வேலியோரம் நடந்து போய், சாரதியைக் கூப்பிட்டு, "எவ்வளவு வேணும் தம்பி?" என்று கேட்டார்.

"ஆறடி, ஏழடி இருந்தால் காணும் ஐயா."

அவர் வீட்டுக்குப் போய் இரும்பு அலவாங்கோடு வந்தார். வேலியின் முதல் கதியாலைத் தானே பிடுங்கினார். அதற்குப் பிறகு யாரும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பரிசோதகருக்குத் தேநீர் கொடுத்து முடிப்பதற்குள் வேலி ஏழடி உள்ளே போய்விட்டது. கிரவல் மிச்சம் இருந்தது. கொட்டி மட்டம் பார்த்தார்கள். எட்டுப் பெண்கள் கட்டைகளால் இடித்து இறுக்கினார்கள். சாரதி பஸ்ஸை எடுத்து மெல்ல ஒடித்தார். ஒரே சுற்றில் வந்து தரிப்பிடத்துக்கு முன்னால் நின்றது. பரிசோதகர் பஸ்ஸின் படியில் இருந்தபடியே கடிதம் எழுதிக் கொடுத்தார். கமக்காரர் கொடுத்த காணிக்கு எழுத்து வேண்டும் என்று நான் சொல்ல, "பஸ் வரட்டும், பிறகு எழுதுவம்," என்றார். நான் விடவில்லை. பின்னாளில் அவருடைய பிள்ளைகளுக்குச் சிக்கல் வரக்கூடாது என்று விளக்கி, அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

தை மாதத்தில் இருந்து பஸ் ஊருக்குள் போகிறது. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. சில நாட்களில் பழுது என்று வராது. அப்போது டிப்போவுக்கு முதலில் தொலைபேசி எடுப்பது தலைவிதான் என்று கேள்வி.

இந்த வேலையைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊர் ஒன்றின் பாதையையும் அதே சங்கத்துக்குக் கொடுக்கலாம் என்று கந்தோரில் பேச்சு வந்தது. கேட்டுவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நல்ல செய்தி கொண்டுபோகிறேன் என்ற நினைப்போடு போனேன். தலைவி முழுவதையும் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்.

"ஏன்? நீங்கள் நல்லாச் செய்வீங்கள்."

"அது அவங்க ரோடு மிஸ். தண்ணி எங்கேருந்து வரும்னு அவங்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கு என்ன தெரியும்? நாங்க எடுத்தா நாங்களும் இன்னொரு கொந்தராத்துக்காரர்தான்." பிறகு, "கலவ எப்பிடி, கணக்கு எப்பிடின்னு கேட்டா வந்து சொல்லிக் குடுப்போம். அதுக்குக் காசு வேணாம்," என்றார்.

எல்லா வேலையையும் இப்படிச் செய்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். நான் அன்றாடம் கடக்கிற பெரிய பாலத்தையும், தலைமன்னாருக்குப் போகிற ரயில் பாதையையும் ஒரு மாதர் சங்கம் கட்டாது. அவற்றுக்குப் பெரிய கொந்தராத்துகளும் பெரிய இயந்திரங்களும் வேண்டும். ஆனாலும் அந்த வருடத்துக்குப் பிறகு எந்தச் சின்ன வேலையாக இருந்தாலும் மதிப்பீட்டைத் தமிழில் எழுதி ஊர்க் கூட்டத்தில் வாசிக்கிறேன். சில ஊர்களில் ஆறு பேர்தான் வருவார்கள். சில ஊர்களில் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், கொட்டாவி விடுவார்கள். ஒரு ஊரில் வாசித்து முடித்ததும், "இதையெல்லாம் ஏன் எங்களுக்குச் சொல்லுறீங்கள்?" என்று கேட்டார்கள். எல்லா ஊரிலும் அந்தத் தலைவியைப் போல ஒருவர் இருக்கமாட்டார் என்பதை ஏற்றுக்கொள்ளப் பழகியிருக்கிறேன்.

போன மாதம் என் ஸ்கூட்டர் பழுதாகிப்போக, வெள்ளாங்குளப் பக்கம் ஒரு வேலை பார்க்கப் போய் இரவு அங்கே தங்கி, மறுநாள் காலை பஸ்ஸில் கந்தோருக்குத் திரும்பினேன். அந்த ஊருக்குள் போய் வருகிற பஸ்தான். பெரிய வீதியில் நான் ஏறியபோது உள்ளே தலைவி நின்றுகொண்டிருந்தார். இருக்க இடமில்லை. பள்ளிப் பிள்ளைகளும், கிளினிக் கொப்பியோடு இரண்டு தாய்மாரும், வெங்காய மூட்டைகளும் பஸ்ஸை நிறைத்திருந்தன. ஒரு பெடியன் எழும்பி அவருக்கு இடம் விட்டான். அவர் அந்த இடத்தில் என்னை இருக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். கடைசியில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு தாயை அதில் இருத்திவிட்டு இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இந்தப் போகம் வெங்காயத்துக்கு நல்ல விலை இல்லை என்று சொன்னார். மகள் உயர்தரப் பரீட்சை எடுக்கிறாள், கணிதப் பிரிவு என்று சொன்னார். நான் இறங்குகிற இடம் வந்தது.

"போயிட்டு வாறன்," என்றேன்.

"போயிட்டு வாங்க மிஸ்," என்று என் பையை எடுத்துத் தந்துவிட்டு, ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டு உள்ளே நகர்ந்தார்.